இடது பக்கத்துப் பிள்ளைகள்

முகத்தில் பாதியை மட்டும் சவரம் செய்துகொண்டு வேலைக்குக் கிளம்பிய காலையில்தான் எனக்கு நோய் வந்திருப்பது என் மனைவிக்குத் தெரிந்தது. எனக்குத் தெரியவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், முகம் முழுசாகத்தான் இருந்தது. மழமழவென்று வந்திருக்கிறதே என்று தடவியும் பார்த்தேன். வலது கையால், வலது கன்னத்தை.

நான் பள்ளிக்கூட வேன் ஓட்டியவன். பெயர் கோவிந்தன். கொட்டச்சேட்டுப் பக்கத்துப் பிள்ளைகளைக் காலையில் ஏற்காடு டவுனுக்கு ஏற்றிப் போவதும் சாயங்காலம் வீட்டில் கொண்டுவந்து விடுவதும் வேலை. என் மனைவி செல்வி அதே வேனில் ஆயா. கதவைத் திறப்பது, பிள்ளைகளைத் தூக்கி ஏற்றுவது, வாந்தி எடுத்தால் துடைப்பது, இறக்கி ஆளிடம் ஒப்படைப்பது எல்லாம் அவள் பொறுப்பு. வீட்டில் ஆரம்பித்த சண்டையை வேனில் தொடர முடியாது, பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதனால் எங்கள் குடித்தனம் பெரும்பாலும் சமாதானமாகவே ஓடியது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு பார்க்க வந்தவர்களெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். கை கால் நன்றாகத்தானே இருக்கிறது, பேச்சும் குழறவில்லை, அப்புறம் என்ன பக்கவாதம் என்று. சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. இதை எழுதுவதற்கு அதுதான் காரணம். இன்னொரு காரணமும் உண்டு. இரண்டு பெண்களைப் பற்றி நான் நாலு பேர் அறியச் சொல்லியாக வேண்டும்.

நோய் தெரியவந்த அந்த வாரத்திலேயே வேனின் இடதுபக்கக் கண்ணாடியைப் பள்ளிக்கூடக் கேட்டுத் தூணில் இரண்டு தடவை இடித்திருந்தேன். வாட்ச்மேனைக் கூப்பிட்டு, தூணை யார் தள்ளி வைத்தது என்று சத்தம் போட்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று செல்வி அன்று சிரித்தாள். பாதி முகத்தோடு நான் வெளியே வந்தபோது அவள் சிரிக்கவில்லை. வேன் ஆட்களுக்குப் பள்ளியில் ஒரு முதலுதவி வகுப்பு நடத்தியிருந்தார்கள். நான் அதில் தூங்கினேன். அவள் தூங்கவில்லை.

"ஏனுங்க, ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்க. கண்ண மூடிக்கோங்க" என்றாள். நீட்டினேன். இரண்டு கையும் நீட்டியபடியே இருப்பதாகத்தான் நினைத்தேன். இடது கை தானாக இறங்கிக்கொண்டே போனதாம். அவள் ஆணியில் தொங்கிய வேன் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, வேன் முதலாளிக்குப் போன் போட்டாள். பிள்ளைகளுக்கு வேறு டிரைவரை அனுப்பச் சொன்னாள், எங்களுக்கு அவருடைய காரை அனுப்பச் சொன்னாள். மலை இறங்கும் வரை எனக்கு ஒன்றுமில்லை என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன்.

சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. குழாய் மாதிரி ஒரு மிஷினுக்குள் படுக்கவைத்துத் தலையைப் படம் எடுத்தார்கள். உள்ளே சுத்தியலால் தகரத்தை அடிப்பதுபோல் சத்தம், ஆடாமல் அசையாமல் கிடக்க வேண்டும். படத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் நிதானமாகச் சொன்னார். மூளையின் வலது பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் ஒரு சின்னக் குழாய் அடைத்துவிட்டது. அடைப்பைக் கரைக்க ஓர் ஊசி உண்டு, ஆனால் அது ஆரம்பித்த சில மணி நேரத்துக்குள் போட வேண்டியது. உங்களுக்கு ஆரம்பித்துப் பல நாள் ஆகிறது, தூணை இடித்தீர்களே, அப்போதே. இனி மேற்கொண்டு அடைக்காமல் இருக்க மாத்திரை, மற்றது பயிற்சி.

மூளையின் வலது பக்கம்தான் நம் இடது பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறதாம். எனக்குக் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. கண் டாக்டர் வந்து விளக்கடித்துப் பார்த்துவிட்டு நல்லா இருக்கு என்று சொல்லிப் போனார். இடது பக்கத்தில் இருப்பது கண்ணில் விழும், மூளை அதைச் சட்டை செய்யாது. அந்தப் பக்கம் என்று ஒன்று இருப்பதே அதற்கு மறந்துபோகும். இதற்குப் பெயர் புறக்கணிப்பு என்றார் டாக்டர். நம் ஊர்ப் பங்காளிச் சண்டையில் எதிரே வருகிறவனைப் பார்க்காத மாதிரி போவோமே, அதே கதைதான். ஒரே வித்தியாசம், இங்கே வேண்டுமென்று செய்வதில்லை.

வார்டில் நான் அடித்த கூத்துகளைச் செல்வி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். தட்டில் வலது பக்கத்து இட்லியைத் தின்றுவிட்டு, இவ்வளவுதான் கொடுத்தார்களா என்று கோபப்படுவேன். அவள் தட்டைத் திருப்பி வைப்பாள். புதிதாக இரண்டு இட்லி முளைத்திருக்கும். என் இடதுபக்கக் கட்டில் காலி என்றே நான் நினைத்திருந்தேன். ஒருநாள், பக்கத்தில் ஆள் இல்லாதது எவ்வளவு நிம்மதி என்று செல்வியிடம் சொன்னேன். அவள் என் தாடையைப் பிடித்து மெல்ல இடது பக்கம் திருப்பினாள். சேலத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒரு பெரிய மனிதர் அங்கே படுத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"வந்த நாள்லருந்து அவரு உங்களோட பேசிட்டுத்தான் இருக்கறாருங்க" என்றாள் செல்வி. "காலைல நீங்க குடிக்கிற காப்பி அவங்க ஊட்டுலருந்து வர்றது."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. காப்பி விளைகிற மலையிலிருந்து வந்தவன், கீழே இருந்து வந்த காப்பியைக் குடித்துவிட்டு, கொடுத்தவரை ஒரு வார்த்தை கேட்காமல் இருந்திருக்கிறேன். அவர் அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பில் என்று அடிக்கடி ஒரு காகிதம் வரும். காப்பீட்டு அட்டையில் எது வரும் எது வராது என்று விசாரித்துச் செல்விக்கு வழி சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். ஊரிலிருந்து வேன் பிள்ளைகளின் பெற்றோர் பஸ்ஸில் கொடுத்துவிட்ட ஆரஞ்சும் கொய்யாவும் எங்கள் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் குவிந்து கிடந்தன.

ஆனாலும் பயம் பயம்தான். எனக்குத் தெரிந்தது ஒரே தொழில். வேன் கதவு இடது பக்கத்தில் இருக்கிறது. பிள்ளைகள் ஏறுவதும் இறங்குவதும், இறங்கியபின் எதையோ மறந்து திரும்ப ஓடிவருவதும் அந்தப் பக்கம்தான். அந்தப் பக்கமே இல்லாத ஒருவனிடம் யார் வேனைக் கொடுப்பார்கள்? மறுபடி வண்டி ஓட்டுவேனா என்பதைத் தவிர வேறு எதையும் நான் அந்த நாட்களில் நினைக்கவில்லை. டாக்டரைக் கேட்டேன். பயிற்சி கொடுக்கும் மேடத்திடம் அனுப்புகிறேன், அவர் சொல்லட்டும் என்றார்.

ரேவதி மேடம் என்னைவிட வயதில் மிகவும் சின்னவர். சேலத்துப் பெண். முதல் நாள் ஒரு வட்டம் போட்டுக் கொடுத்து, கடிகாரம் வரையுங்கள் என்றார். வரைந்தேன். பன்னிரண்டு எண்ணையும் வலது பாதியிலேயே திணித்து வைத்திருந்தேன். எனக்கு அது சரியான கடிகாரமாகத்தான் தெரிந்தது. அவர் தப்பு என்று சொல்லவில்லை. காகிதத்தின் இடது ஓரத்தில் சிவப்பு டேப்பை ஒட்டினார். எந்த வேலை செய்தாலும் முதலில் இந்தச் சிவப்பு கண்ணில் படும்வரை தலையைத் திருப்ப வேண்டும், அதுதான் உங்களுக்கு ஸ்டார்ட்டிங் பாயிண்ட் என்றார்.

பிறகு ஒரு பெட்டியைத் திறந்தார். கலர் கலராக மரக்கட்டைகள், படம் போட்ட அட்டைகள், கட்டம் கட்டிய பலகை. படிப்பில் தடுமாறுகிற பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான பெட்டி அது. எனக்குச் சுருக்கென்றது. இருபது வருஷமாக மலையில் வண்டி ஓட்டுகிறவனுக்குச் சொப்புச் சாமானா என்று கேட்டேவிட்டேன். அவர் கோபப்படாமல் ஒரு கேள்வி கேட்டார்.

"அண்ணா, வண்டி ஓட்டறப்ப சைடு கண்ணாடியில ஒரு ஸ்கூட்டர் வர்றதப் பாக்கறீங்க. அப்பறம் கண்ண ரோட்டுக்குக் கொண்டாந்துடறீங்க. அந்த ஸ்கூட்டர் இப்ப எங்கே இருக்குது?"

"பின்னாலதான் வந்துட்டிருக்கும்" என்றேன்.

"கண்ணுல இல்ல, ஆனா எங்க இருக்குதுன்னு தெரியுதில்லீங்க. அத எங்க வெச்சிருக்கறீங்களோ, அந்த எடத்துக்குத்தான் இந்தப் பயிற்சி."

கண்ணால் பார்த்ததை, அது எந்த இடத்தில் இருந்தது என்பதோடு சேர்த்து, வேலை முடிகிற வரைக்கும் மனதில் பிடித்துவைத்திருப்பது. அதற்குச் செயல்படு நினைவு என்று பெயராம். கரும்பலகையில் பார்த்ததை நோட்டில் எழுதுகிற பிள்ளைக்கும் அது வேண்டும், வளைவில் திரும்புகிற டிரைவருக்கும் அது வேண்டும். அந்தப் பிடி சிலருக்குப் பிறவியிலேயே தளர்வாக இருக்கும், எனக்கு நடுவில் தளர்ந்துவிட்டது. இருவருக்கும் பயிற்சி ஒன்றுதான். அதற்குப் பிறகு சொப்புச் சாமானைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

கட்டப் பலகையில் நாலைந்து கட்டத்தில் பொத்தான் வைப்பார். கொஞ்ச நேரம் பார்க்கவிட்டு மூடிவிடுவார். காலிப் பலகையில் அதே இடங்களில் நான் வைக்க வேண்டும். வலது பக்கம் தப்பாமல் வைப்பேன், இடது பக்கம் பொட்டல் காடாகக் கிடக்கும். இன்னொன்று, சிதறிக் கிடக்கும் மரக்கட்டைகளை ஒவ்வொன்றாக அவர் விரலால் தொட்டுக்கொண்டு போவார், அதே வரிசையில் நான் தொட வேண்டும். பார்ப்பதற்குச் சுலபம். ஒரு மணி நேரம் செய்தால் ஏற்காட்டுக்கு மூட்டை தூக்கிக்கொண்டு ஏறிய மாதிரி இருக்கும். எத்தனை தடவை தப்பினாலும் அவர் முகம் மாறாது. அந்தப் பொறுமைக்கு ஒரு கும்பிடு போட வேண்டும்.

ஒருநாள் பெட்டியைத் திறக்காமல் உட்கார்ந்தார். "இன்னிக்கு நாம வேன்ல போலாம் அண்ணா. கண்ண மூடிக்கோங்க. கொட்டச்சேட்டுலருந்து ஸ்கூலுக்குக் கௌம்புங்க. வழியில யார் யார ஏத்தறீங்கன்னு சொல்லுங்க" என்றார்.

எனக்கு உற்சாகமாகிவிட்டது. இதுவல்லவோ என் பாடம். தண்ணீர்த் தொட்டி வீட்டுக் கவினை ஏற்றினேன். மளிகைக் கடைக்காரர் மகள் தர்ஷினியை ஏற்றினேன். பலாமரத்தடியில் நிற்கும் அண்ணன் தம்பி இருவரையும் ஏற்றினேன். ஒவ்வொரு வளைவும் கண்ணுக்குள் வந்தது, எங்கே கியர் மாற்றுவேன் என்பதுகூடச் சொன்னேன். பள்ளிக்கூடம் வந்துவிட்டது. கண்ணைத் திறந்தேன். ரேவதி மேடம் எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த செல்வியின் முகம் செத்துப்போயிருந்தது.

"யாழினி எங்கீங்க?" என்று கேட்டாள்.

யாழினி எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீட்டுப் பிள்ளை. வெயிலடித்தாலும் மழை பெய்தாலும் ஒரு மஞ்சள் குடையோடு நிற்கும். "அது இன்னிக்கு லீவா இருக்கும்" என்றேன்.

"கோயில் பக்கத்து ஹரிணி?"

"அவளும் லீவுதான்."

"பால் சொசைட்டிகிட்ட சந்தோசு?"

அவனும் லீவு என்றேன். இதைச் சொன்னபோது நான் விளையாடவில்லை, எனக்கு அப்படித்தான் தோன்றியது. வரிசையாக மூன்று பிள்ளைகளுக்கு லீவு விட்டுவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். செல்வி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ரேவதி மேடம் கையமர்த்தினார். பள்ளிக்கூடம் விட்டாயிற்று, இப்போது சாயங்காலம், அதே வேன், ஊருக்குத் திரும்பி வாருங்கள், யாரை எங்கே இறக்குகிறீர்கள் என்று சொல்லுங்கள் என்றார்.

கண்ணை மூடினேன். வண்டியைத் திருப்பினேன். பால் சொசைட்டி வந்தது, சந்தோஷை இறக்கினேன். மாரியம்மன் கோயில் வந்தது, ஹரிணியின் அப்பா வந்து கூட்டிப் போனார். லைன் வீடு வந்தது. யாழினி குடையை வேனிலேயே விட்டுவிட்டு இறங்கி, திரும்ப ஓடிவந்து வாங்கிக்கொண்டு போனாள். சொல்லிக்கொண்டே கண்ணைத் திறந்தேன். செல்வி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கவின், தர்ஷினி, பலாமரத்து அண்ணன் தம்பி ஒருவரைக்கூட நான் இறக்கவில்லை.

ரேவதி மேடம் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். காலையில் இடது பக்கம் நிற்கிற பிள்ளைகள், நீங்கள் திரும்பி வரும்போது வலது பக்கத்துக்கு வந்துவிடுகிறார்கள். அதனால் தெரிகிறார்கள். "ஞாபகம் எங்கயும் போயிடல அண்ணா. அத்தனை புள்ளைகளும் உள்ள பத்திரமா இருக்கறாங்க. டார்ச் லைட்டுத்தான் ஒரு பக்கமா அடிக்குது" என்றார்.

நோய் வந்த பிறகு நான் முதல்முதலாக அழுதது அன்றுதான். பயத்தில் இல்லை. யாழினி உள்ளே இருக்கிறாள் என்று தெரிந்ததால். இவ்வளவு எளிய ஒரு கேள்வியை வைத்து என் தலைக்குள் எது உடைந்திருக்கிறது, எது உடையவில்லை என்று ஒரு பெண்ணால் கண்டுபிடிக்க முடிகிறதே என்று இப்போது நினைத்தாலும் மலைப்பாக இருக்கிறது. மிஷின் எடுத்த படத்தில் நான் பார்த்தது ஒரு வெள்ளைப் புள்ளியைத்தான்.

அன்றிலிருந்து எனக்குப் பாடம் மாறியது. மனதில் காலை வேனை ஓட்டுவேன், ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நிறுத்தி, தலையைத் திருப்பி, இந்தப் பக்கம் யார் என்று கேட்டுக்கொள்வேன். முதலில் ஹரிணி வந்தாள். பிறகு சந்தோஷ். யாழினி கடைசியாக வந்தாள், குடையோடு. ஒருவழியாக வீட்டுக்கு அனுப்பினார்கள். வாரம் ஒருமுறை பஸ்ஸில் இறங்கி வந்து பயிற்சி எடுத்துக்கொள்ள ஏற்பாடு.

வீட்டில் செல்வி பயிற்சியைக் கையில் எடுத்துக்கொண்டாள். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள், அவளுக்கு முறமே போதும். முறத்தில் சாக்பீசால் வேன் சீட்டுகளைக் கட்டமாகப் போட்டாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பொருள். கவினுக்குக் காப்பிக்கொட்டை, தர்ஷினிக்குப் புளியங்கொட்டை, யாழினிக்கு ஒரு துண்டு மஞ்சள். யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளச் சொல்லி, துணி போட்டு மூடி, அடியில் கைவிட்டு இரண்டு பேரை இடம் மாற்றிவிட்டு, யார் மாறியது என்று கேட்பாள். ஆரம்பத்தில் வலது வரிசையில் மட்டும் மாற்றினாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இடது வரிசைக்குப் போனாள். நான் தப்பினால், "பாருங்க, மஞ்சத்துண்டு எந்திரிச்சு நிக்குது, வண்டி ஆடுனா உளுந்துரும்" என்பாள். எனக்குச் சிரிப்பும் வரும், பதறிப்போய்த் தலையும் திரும்பும்.

ரேவதி மேடத்திடம் ஒருநாள் ஒரு கூத்து நடந்தது. கட்டைகளை அவர் தொட்ட வரிசையில் நான் சரியாகத் தொட்டேன். இனி அதையே பின்னாலிருந்து தொடுங்கள் என்றார். தொட்டேன். தப்பு. மறுபடி கொடுத்தார், மறுபடி தப்பு. முன்னாலிருந்து போனால் எல்லாம் சரி, பின்னாலிருந்து வந்தால் எல்லாம் தப்பு. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு எழுதி வைத்திருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கட்டையைக் காட்டி, நான் இதைத்தானே தொட்டேன், நீங்கள் ஏன் அந்தப் பக்கத்துக் கட்டையைத் தொட்டீர்கள் என்று கேட்டார்.

"திரும்பி வர்றப்ப அது அந்தப் பக்கந்தானுங்களே வரும்?" என்றேன்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். காலையில் இடது பக்கம் இருக்கும் கோயில் சாயங்காலம் வலது பக்கம் வரும். வேன்காரனுக்குத் திரும்பி வருவது என்றால் அப்படித்தான். பலகை திரும்பாது, நான் மட்டும் திரும்ப வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கேட்டதைவிடக் கஷ்டமான கணக்கை மனதில் போட்டிருக்கிறீர்கள், படம் முழுவதையும் பிடித்துத் திருப்பியிருக்கிறீர்கள், இடது பக்கத்தை விடாமல், என்று சொல்லி டாக்டரையே கூட்டிவந்து காட்டினார். வாழ்நாளில் தப்பாகச் செய்து பாராட்டு வாங்கியது அந்த ஒரு தடவைதான்.

கடிகாரம் வட்டமானது. தட்டில் இட்லி மிஞ்சவில்லை. முகம் இரண்டு பக்கமும் மழமழவென்று ஆனது. ஆட்கள் இல்லாத, அடைத்த இடத்தில், மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம், பிறகு பேசுவோம் என்றார் டாக்டர். எனக்குத் தலைகால் புரியவில்லை. கிளம்பும்போது ரேவதி மேடம் ஒன்று சொன்னார்.

"தெரிஞ்ச எடத்துல நீங்க நொம்ப நல்லாப் பண்றீங்க அண்ணா. அந்தத் தெரிஞ்ச எடந்தான் எனக்குப் பயம்."

நான் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன். செல்வி இரண்டாவது பாதியையும் வாங்கிக்கொண்டாள்.

வேன் முதலாளிக்குச் சொந்தமான எஸ்டேட்டுக்குள் ஒரு பாதை உண்டு. ஒரு கேட்டிலிருந்து லைன் வீட்டைத் தாண்டி மறு கேட்டு வரைக்கும் போகும், யாழினி ஏறுகிற இடமும் அதில்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பக்கத்துக் கேட்டையும் அடைத்து, லைன் வீட்டுக்காரர்களிடம் பிள்ளைகளை உள்ளேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, முதலாளி கேட்டில் நின்றார். செல்வி வழக்கம்போல் வேனில் கதவோரம் உட்கார்ந்தாள். ஸ்டீயரிங்கை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

முதல் கியரில்தான் போனேன். ரேவதி மேடம் சொல்லிக் கொடுத்தபடி, இடது பக்கம் வருவதையெல்லாம் தலையைத் திருப்பி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனேன். மோட்டார் ரூம். சில்வர் ஓக் வரிசை, மிளகுக் கொடி. காப்பி காயப்போடும் களம். பழைய தண்ணிக் குழாய். ஒன்று விடவில்லை. யாழினி ஸ்டாப்பு என்றும் சொன்னேன், அதையும் தாண்டினேன். எனக்குப் பாட்டுப் பாடலாம் போல இருந்தது.

"கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள் செல்வி. நிறுத்தினேன். இறங்கி, வந்த வழியே பின்னால் நடந்துபோனாள். வலதுபக்கக் கண்ணாடியில் அவளைக் காணோம். திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு மஞ்சள் குடை இருந்தது. விரித்த குடை. காலையிலேயே யாழினியிடம் வாங்கி, ஸ்டாப்பில், பாதையின் இடது ஓரத்தில் நட்டுவைத்திருக்கிறாள். அதைத்தான் நான் யாழினி ஸ்டாப்பு என்று சொல்லிக்கொண்டே தாண்டிப் போயிருக்கிறேன்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "கட்டுன புருசனுக்கே பொறி வெக்கறயா?" என்று கத்தினேன்.

அவள் கத்தவில்லை. "குடை மேல ஏறலீங்க. ஒரு சாண் தள்ளித்தான் போனீங்க" என்றாள். பிறகு குடையை மடக்கிக்கொண்டே சொன்னாள். "நீங்க ரோட்டப் பாத்து ஓட்டலீங்க. ரோட்ட நெனச்சு ஓட்டுனீங்க."

அவள் சொன்னது எனக்கு முழுசாகப் புரிந்தது. இருபது வருஷத்து ஞாபகம், அதற்கு மேல் இத்தனை மாதத்துப் பயிற்சி, எல்லாம் சேர்ந்து என் இடது பக்கத்தை நிரப்பிவிட்டது. மோட்டார் ரூம் இருந்த இடத்தில் மோட்டார் ரூமை வைத்தது, களம் இருந்த இடத்தில் களத்தை வைத்தது. நேற்று இருந்ததெல்லாம் தெரிந்தது. இன்று புதிதாக வந்து நின்றது தெரியவில்லை. பிள்ளைகள் என்றால் தினமும் புதிதாக வந்து நிற்கிறவர்கள்தானே. அவள் சாவியைக் கேட்கவில்லை. நானே வண்டியை அணைத்து, சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். கொடுத்துவிட்டு ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டேன். அவள் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அடுத்த வாரம் இதைச் சொன்னபோது ரேவதி மேடம் வெகு நேரம் செல்வியின் கையை விடவில்லை. கவனமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும் அண்ணா, நேரம் பிடிக்கும் என்றார். நின்ற வண்டியில், இரண்டு தடவை பார்க்க அவகாசம் இருக்கிற வேலையாக இருந்தால் இப்போதே செய்யலாம், அது நல்ல பயிற்சியும்கூட என்றார். அவரைக் கேட்டுவிட்டுத்தான் முதலாளியிடம் வேலை கேட்டுப் போனேன்.

இப்போது எங்கள் வேனை வெள்ளக்கடை ஊர்க்காரர் ஒருவர் ஓட்டுகிறார், நல்ல டிரைவர். முதலாளி மாரமங்கலம் பக்கத்துக்கு விட்டிருக்கும் இன்னொரு வேனில் செல்வி ஆயாவாகப் போகிறாள். முதல் சில வாரம் என்கூடவே வந்து நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுத்தான் போனாள். அவள் உட்கார்ந்த இடத்தில், கதவோரம், நான் உட்கார்ந்திருக்கிறேன். கதவுக் கம்பியில் அவள் கட்டிவிட்ட சிவப்புத் துணி இருக்கிறது. எந்த ஸ்டாப்பிலும் அது கண்ணில் படும்வரை தலையைத் திருப்புவேன். பிள்ளைகள் என்னை இன்னும் டிரைவர் மாமா என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதலில் கஷ்டமாக இருந்தது, இப்போது பழகிவிட்டது.

லைன் வீட்டு ஸ்டாப்பில் யாழினி குடையை என்னிடம் கொடுத்துவிட்டு ஏறும். "ஏறு கண்ணு" என்று தூக்கி உட்காரவைத்து, குடையைக் காலடியில் வைத்து, கதவைச் சாத்தியாகிவிடும். ஏற வேண்டிய பிள்ளை ஏறியாயிற்று, போகலாம் என்று டிரைவருக்குக் குரல் கொடுக்க வேண்டியதுதான். அதற்கு முன்னால் அந்தப் பாதை ஓரத்தை இன்னொரு தடவை பார்ப்பேன். அங்கே ஒன்றும் இருக்காது. இருந்தாலும் பார்க்கிறேன்.